நான் அடைத்த துளை

தம்பி,

பார்சலைப் பிரித்ததும் நீ முதலில் சென்சாரைத்தான் கையில் எடுப்பாய். கூட இருக்கிற காகிதத்தை, பெட்டிக்குள் சாமான் ஆடாமல் இருக்க அம்மா திணித்தது என்று ஒதுக்கிவிடுவாய். உன்னை எனக்குத் தெரியாதா? அதனால் சென்சாரின் மேலேயே இதைச் சுற்றி, ரப்பர் பேண்டை இறுக்கிப் போட்டு அனுப்பப் போகிறேன். இதைப் பிரிக்காமல் அதை எடுக்க முடியாது. உன்னோடு கடலில் இறங்கப் போகிற அந்த இரண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சத்தமாகப் படி. அவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியது இதில் இருக்கிறது. படித்துவிட்டு என்னைப் பற்றி அவர்கள் என்ன நினைத்தாலும் பரவாயில்லை.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் பாதிதான் சொன்னேன். பழைய சென்சாரைக் கழற்றிவிடு, அதை நம்பி இறங்காதே என்றேன். நீயும் "சரிம்மா, கழட்டிடறேன், புதுசு எப்ப வரும்?" என்று கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. உங்கள் தீவில் லைன் போவது புதுசா என்ன? ஆனால் அன்றைக்குப் போனதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. மீதிப் பாதி எனக்கு வாயில் வராது. கையில்தான் வரும்.

உன் நண்பர்கள் என்னைப் பார்த்ததில்லை. தர்மபுரி பக்கம் நல்லம்பள்ளியில் சொட்டுநீர்ப் பாசன சாமான் விற்கிற ஒரு கடைக்காரம்மா என்று சொல். உன் அப்பா ஆரம்பித்த கடை. அவர் போனபோது நீ பள்ளிக்கூடம் முடிக்கவில்லை. "கடைய சாத்திட்டு எங்க வூட்டோட வந்து இருந்துக்க" என்று உன் மாமா கூப்பிட்டார். நான் போகவில்லை. பைப், ஃபில்டர், வால்வு, மோட்டார் பெட்டி, பிரஷர் மீட்டர் என்று ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்துத்தான் தொழிலைக் கற்றுக்கொண்டேன். தப்பாக மாட்டி, பைப் வெடித்து, தலையிலிருந்து கால்வரை நனைந்து கற்றுக்கொண்டது நிறைய. சிரித்தவர்களும் நிறைய. நீயே சிரித்திருக்கிறாய், படிக்கிற மேஜையிலிருந்து எழுந்து வந்து.

நீ அந்தமானில் டைவிங் சொல்லிக்கொடுக்கிறாய் என்றால் இங்கே யாருக்கும் பிடிபடுவதில்லை. அதியமான்கோட்டை மாதையன் அண்ணன் கோடையில் ஒரு நாள் கடையில் உட்கார்ந்துகொண்டு கேட்டார். "ஏம்மா, நம்மூர்ல ஆயிரம் அடி போர் போட்டாலும் புழுதிதான் பறக்குது. உம்மவன் என்னடான்னா தண்ணிக்குள்ளாற குடித்தனம் பண்றான். கலிகாலம்மா!" அவருக்கு நான், நீ மாட்டிக்கொண்டு இறங்கப் போகிற மெஷினைப் பற்றி விளக்கப் பார்த்தேன். விட்ட மூச்சை வெளியில் விடாமல் ஒரு பைக்குள் பிடித்து, கெட்ட காற்றைச் சுண்ணாம்பு டப்பாவில் வடிகட்டி, குறைந்த ஆக்சிஜனைச் சிலிண்டரிலிருந்து கொஞ்சம் சேர்த்து, திரும்ப வாய்க்கே கொடுக்கிற மெஷின் என்றேன். ரீபிரீதர் என்று பேர், குமிழி வராது, மீன் மிரளாது, ரொம்ப நேரம் உள்ளே இருக்கலாம் என்றேன். அவர் கேட்டுவிட்டு, "உட்ட மூச்ச மறுக்கா இழுக்கறதா? அதுல என்னாம்மா ருசி இருக்கும்?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவர் கேட்டதற்கு மட்டும் சிரிக்க முடியவில்லை. "அந்த மெஷின கம்பெனில செஞ்சதுதானே?" என்று கேட்டார். ஆமாம் என்று பொய் சொன்னேன். பிள்ளைகள் மூன்று பேர் வீட்டில் உட்கார்ந்து செய்தது என்று சொல்ல வாய் வரவில்லை.

அந்த மெஷின் வேண்டாம் என்று நான் சொன்ன அன்றைக்கு நாம் போட்ட சண்டை உனக்கு ஞாபகம் இருக்கும். ஆக்சிஜன் கூடினால் தண்ணீருக்கடியில் வலிப்பு வரும், குறைந்தால் சொல்லாமல் கொள்ளாமல் மயக்கம் வரும், ஆழக்கணக்குத் தப்பிப்போய் வேகமாக மேலே வந்தால் ரத்தத்தில் குமிழி கட்டும் என்று இதையெல்லாம் நீதான் எனக்குச் சொன்னாய், ஏதோ சமையல் குறிப்புச் சொல்கிற மாதிரி. வேண்டாம் என்றேன், கத்தினேன், போனை வைத்துவிட்டேன். பத்துப் பதினைந்து நாள் நீ பேசவில்லை. பிறகு ஒரு நாள் நீயே கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்காமல், "அம்மா, ஆழம் பாக்கறதுக்கு ஒரு பிரஷர் சென்சார் வேணும். உங்கடையில இருக்கறது தாங்குமா?" என்றாய். சண்டையில் நான் தோற்றுவிட்டேன் என்று அப்போதே தெரிந்துவிட்டது. நீ கேட்டதும் ஓடிப்போய் அலமாரியைத் திறந்தேன்.

அங்கேதான் ஆரம்பித்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் எறும்புக் கதையைச் சொல்ல வேண்டும், உன் நண்பர்களுக்காக. எங்கள் பக்கம் மோட்டார் பெட்டி என்றால் எறும்பு. ஊசி நுழைகிற இடம் இருந்தாலும் உள்ளே போய்க் குடும்பம் நடத்தும். சுவிட்சின் நாக்குக்கு நடுவில் மாட்டிக்கொண்டு செத்துக் கிடக்கும், மோட்டார் எடுக்காது, விவசாயி கடை வாசலில் வந்து நின்று கத்துவார். அதனால் புதுப்பெட்டி மாட்டினால் நாங்கள் முதலில் செய்கிற வேலை சிலிகான் பசையை எடுத்துக்கொண்டு கண்ணில் பட்ட துளையை எல்லாம் அடைப்பது. எந்தத் துளை, எதற்கு என்று பார்ப்பதில்லை. துளை என்றாலே அடைக்க வேண்டும், அவ்வளவுதான். தர்மபுரியிலிருந்து காரிமங்கலம் வரைக்கும் எந்த மெக்கானிக்கின் பையில் பார்த்தாலும் அந்தப் பசை டியூப் இருக்கும்.

மாதையன் அண்ணன் கிணற்றில் தண்ணீர் மட்டம் பார்க்க முதன்முதலாக ஒரு சென்சார் இறக்கினேன். தண்ணீர் குறைந்தால் மோட்டாரை அதுவே நிறுத்திவிடும். காலையில் ஒழுங்காக ஓடும். உச்சி வெயில் ஏறினால் தண்ணீர் இல்லை என்று நிறுத்திவிடும். "கெணத்துல தண்ணி தளும்பிட்டுக் கெடக்குது, உம் மெஷினுக்கு மட்டும் கண்ணு தெரியலயா?" என்று அவர் குதித்தார். இரண்டு தடவை சென்சாரை மாற்றினேன். கம்பெனிக்காரனைத் திட்டித் தீர்த்தேன். நீ காலேஜ் லீவில் வந்திருந்தாய். பெட்டியைத் திறந்து, கேபிளின் நுனியில் நான் அப்பியிருந்த பசையை நகத்தால் கீறி எடுத்தாய். அந்தக் கேபிளுக்குள் மெல்லிய குழாய் ஒன்று இருக்கிறது, சென்சாரின் முதுகுப் பக்கத்துக்கு வெளிக்காற்று போவதற்காக. முன்பக்கம் தண்ணீர் அழுத்துவதையும் பின்பக்கம் காற்று அழுத்துவதையும் ஒப்பிட்டுத்தான் அது கணக்குச் சொல்கிறது. குழாயை நான் அடைத்ததால் உள்ளே மாட்டிய காற்று வெயிலில் சூடாகி உப்பிப் பின்பக்கம் அழுத்த, அது தண்ணீர் குறைந்ததாக நினைத்துக்கொண்டது. "அம்மா, அது மூக்கும்மா. மூக்கப் போயி அடைச்சிட்டியே!" என்றாய். மாதையன் அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அந்தக் குழாயை மட்டும் அடைப்பதில்லை.

இவ்வளவும் தெரிந்தவள்தான் உனக்கு அனுப்பிய சென்சாரின் துளையை அடைத்தேன். அதில் கேபிள் குழாய் இல்லை, வயர் இணைப்புக்குக் கீழே குண்டூசி முனை அளவு ஒரு துளைதான் அதற்கு மூக்கு. பேக் பண்ணும்போது கை அதுபாட்டுக்குப் பசை டியூப்பை எடுத்துத் துளையில் வைத்து, விரலால் அழுத்தித் துடைத்துவிட்டது. மனசு எங்கே இருந்தது என்றால், பிள்ளை திரும்பப் பேச ஆரம்பித்துவிட்டான் என்பதில் இருந்தது. நீ அதை மெஷினுக்குள், மூச்சுக்காற்று சுற்றுகிற இடத்திலேயே மாட்டினாய். நீச்சல் குளத்தில் இறங்கிப் பார்த்தாய். "சூப்பரா காட்டுதும்மா" என்றாய். நானும் பூரித்துப்போனேன். நம் கடைச் சரக்கு, என் பிள்ளையோடு தண்ணீருக்குள் போகிறது.

பிறகு நீ, இது வயலுக்குச் செய்த சாமான், கடலுக்கு இதைவிட நல்லதாக வேண்டும் என்று வேறு வேறு வகை வரவழைக்க ஆரம்பித்தாய். தீவுக்கு நேராக வராது என்பதால் என் கடை முகவரிக்கு. "ஒண்ணொண்ணா டெஸ்ட் பண்ணிச் சொல்லும்மா, ஒங்கிட்டதான் பம்ப்பு, மீட்டர் எல்லாம் இருக்குது" என்றாய். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கூப்பிடுவாய். சாப்டியா, ஒடம்பு எப்பிடி இருக்குது, சரி வெச்சிடறேன். அதற்கு மேல் எனக்கும் பேச ஒன்றும் இருக்காது. சென்சார் வர ஆரம்பித்ததும் தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போன் வந்தது. இன்னிக்கு என்ன காட்டிச்சு, வெயில்ல வெச்சியா, ஐஸ்ல வெச்சியா, எவ்ளோ நேரம் பிடிச்சுது. அரை மணி நேரம், ஒரு மணி நேரம். எத்தனை வருஷமாயிற்று தம்பி, இந்த வீட்டில் ஒரு ஆளோடு நான் ஒரு மணி நேரம் பேசி? கடையை எடுத்துவைத்துவிட்டு வந்தால் சுவரும் நானும்தான். ஒரு ஆளுக்குச் சமைக்க அலுத்து, காலையில் செய்த குழம்பையே திரும்பத் திரும்பச் சுட வைப்பேன். ராங் நம்பர் வந்தால்கூட எந்த ஊர், மழை பெய்கிறதா என்று விசாரிக்கிற நிலைமைக்கு வந்திருந்தேன். இதை நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

அந்த நாட்கள் எனக்கு எவ்வளவு நன்றாக இருந்தன தெரியுமா? சட்டைப் பொத்தான் அளவில் ஒன்று வந்ததே, தலையில் வெள்ளையாக ஜெல்லி வைத்தது. விரற்கடை ஆழத்தைக்கூடப் பிரித்துச் சொல்லியது. தூசி படிந்திருக்கிறதே என்று முந்தானையால் துடைத்தேன், அவ்வளவுதான், கோணிக்கொண்டு ஒன்றுமில்லாததற்கு ஆழம் காட்ட ஆரம்பித்தது. "அம்மா! அதத் தொடவே கூடாதும்மா!" என்று நீ அலறினாய். "தொடாம எப்பிட்றா ஒரு சாமான வூட்ல வெச்சிக்கறது?" என்று நான் கேட்டேன். இரண்டு பேரும் சிரித்தோம். நீ அப்படிச் சிரித்து நான் கேட்டு நாளாகியிருந்தது. உப்புத்தண்ணீரும், நீங்கள் உடம்பில் பூசுகிற வெயில் கிரீமும் படுகிற இடத்துக்கு அந்த ஜெல்லித்தலையன் லாயக்கில்லை என்று சேர்ந்தே முடிவு செய்தோம்.

அடுத்து வந்ததுதான் இப்போது உன் கையில் இருக்கிறது. முகமும் உடம்பும் எவர்சில்வர், விளிம்பு முழுக்கப் பற்றவைத்தது. முதுகுப் பக்கம் துளையே கிடையாது. உள்ளே காற்றை முழுசாக உறிஞ்சி எடுத்துவிட்டு மூடியிருக்கிறார்கள். வெளியில் யாரையும் கேட்டு ஒப்பிட வேண்டிய அவசியம் இல்லாமல், தன்மேல் விழுகிற மொத்த அழுத்தத்தையும் அதுவே சொல்கிறது. பைப் சோதிக்கிற கைப்பம்பில் மாட்டி ஏற்றினேன், இறக்கினேன், மீட்டரோடு ஒட்டியே வந்தது. ஓட்டின்மேல் வெயிலில் காயப் போட்டேன், ஐஸ் தண்ணீரில் முக்கினேன், அசையவில்லை. காலையில் அழுத்தம் ஏற்றிப் பூட்டி வைத்துவிட்டுக் கடைக்குப் போய், சாயங்காலம் வந்து பார்த்தேன், வைத்தது வைத்தபடி இருந்தது. பாட்டரியைக் கொஞ்சம் கூடுதலாகத் தின்கிறது, அதைத் தவிர ஒரு குறை சொல்ல முடியாது. இதுதான் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. அனுப்பி வைத்தால் அன்றோடு எல்லாம் முடிந்துவிடும் என்பதும் தெரிந்துவிட்டது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போன் வந்தது. "என்னம்மா, எப்பிடி இருக்குது?" என்றாய். "பரவால்ல, இன்னும் ஒரு டெஸ்ட் பாத்துரலாம்" என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். அதற்கடுத்த நாள் பாட்டரியைப் பற்றி ஒரு சந்தேகத்தைக் கிளப்பினேன். பிறகு கேபிளை. பிறகு மழை, அதனால் கிணற்றுக்குப் போக முடியவில்லை என்றேன். அன்றைக்கு மழையே இல்லை. நாள் ஓடி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது தம்பி. நல்ல சென்சார் சாமி அலமாரியில் படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அதைப் பார்த்துக்கொண்டே உன்னிடம் இல்லாத குறைகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் உயிர் விஷயத்தில் விளையாடுகிறோம் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. தாமதமானால் நீ இறங்குவது தள்ளிப்போகும், அதுவும் நல்லதுதானே என்று எனக்கு நானே சமாதானம் வேறு.

போன வாரம் நீ பொறுமை இழந்தாய். "போதும்மா, உடு. பழசே நல்லாத்தான் காட்டுது. படகுக்குச் சொல்லியாச்சு, அதை வெச்சே எறங்கிக்கறோம்" என்றாய். குரலில் கோபம்கூட இல்லை, அலுப்பு. எனக்குச் சுருக்கென்றது. போனை வைத்த பிறகு, சோதித்ததை எல்லாம் எழுதி வைத்த நோட்டைப் புரட்டினேன். நீ வரவழைத்த எல்லாவற்றையும் சோதித்திருக்கிறேன், நான் அனுப்பியதை மட்டும் ஒரு நாளும் சோதிக்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. நம் கடைச் சரக்காயிற்றே என்ற திமிர்.

மறுநாள் அதே வகையில் இன்னொன்றை எடுத்தேன். உனக்குச் செய்த மாதிரியே துளையில் பசை வைத்தேன், காய விட்டேன். பழைய கார் டியூபில் ஒரு துண்டு வெட்டி, உன் மெஷினின் மூச்சுப்பை மாதிரி உள்ளே காற்றோடு இரண்டு பக்கமும் கட்டி, அதற்குள் சென்சாரை வைத்தேன். கல்லைக் கட்டி மாதையன் அண்ணன் கிணற்றில் இறக்கினேன். இந்த வருஷ மழைக்குக் கிணறு நிறைந்து கிடக்கிறது. அவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். "என்னாம்மா, மீனு புடிக்கிறியா?" "ஆமாங்ணா, கெடைச்சா ஒங்களுக்கும் கொழம்பு தரேன்" என்றேன். கயிற்றைக் கிணற்று மேட்டுத் துலாக்கல்லில் கட்டி, வயரை மேலே மீட்டரில் மாட்டிவிட்டுப் பார்த்தால் ஒன்பது மீட்டர் காட்டியது, கயிறும் அதைத்தான் சொன்னது. எனக்குப் பெருமையாக இருந்தது. பார்த்தாயா, அலட்டிக்கொண்டோமே என்று.

மதியம் கட்டுச்சோறு சாப்பிட்டுவிட்டுப் பார்த்தேன், எட்டு. கயிறு அவிழ்ந்திருக்கும் என்று ஓடிப்போய்ப் பிடித்துப் பார்த்தேன், முடிச்சு போட்டபடியே இருந்தது. பொழுது சாய்வதற்குள் ஏழுக்கும் கீழே போய்விட்டது. சென்சார் இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஆனால் மேலே ஏறிக்கொண்டிருக்கிறேன் என்கிறது. பைக்குள் இருக்கிற காற்று தண்ணீரின் அழுத்தத்துக்கே இறுகிக் கிடக்கிறது. அது அந்தப் பசையின் வழியாக மெல்ல மெல்லக் கசிந்து சென்சாரின் முதுகுக்குப் போகிறது. முன்னும் பின்னும் சமமாக ஆக, அது ஆழத்தை மறந்துகொண்டே வருகிறது. குளத்தில் நீ இருந்தது கொஞ்ச நேரம், அதனால் தெரியவில்லை. கடலில், அதைவிட நாலு மடங்கு ஆழத்தில், ரொம்ப நேரம் இருக்கத்தானே அந்த மெஷினையே செய்தாய்? நீ கீழேயே இருப்பாய். மெஷின், நீ மேலே வந்துவிட்டாய், இனிமேல் நிற்காமல் ஏறலாம் என்று சொல்லும். அப்படி ஏறினால் நீ சொன்ன அந்த ரத்தக் குமிழிதான்.

இன்னொன்றும் அங்கேயே புரிந்தது. நான் அந்தத் துளையை அடைக்காமல் அனுப்பியிருந்தால், முதல் நாள் குளத்திலேயே அது சைபர் காட்டியிருக்கும். காற்று இரண்டு பக்கமும் சமமாகப் போயிருக்கும். இது ஆகாது என்று நீ அன்றைக்கே தூக்கிப் போட்டிருப்பாய். ஆகாத சாமானை ஆகிற மாதிரிக் காட்டியது என் விரல்தான்.

கிணற்று மேட்டிலிருந்தே போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. திரும்பத் திரும்பப் போட்டேன். மாதையன் அண்ணன், "என்னாச்சும்மா, மூஞ்சி ஏன் இப்பிடி வெளுத்துப்போச்சு?" என்று கேட்டதற்கு, "எம்பையன் எறங்கிட்டானான்னு தெரியலீங்ணா" என்று மட்டும்தான் சொல்ல வந்தது. அவர் ஒன்றும் புரியாமல் பக்கத்தில் உட்கார்ந்தார். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பஸ் ஏற்றிவிடும்வரை கூடவே இருந்தார். அன்றும் மறுநாளும் நீ கிடைக்கவில்லை. கடை திறந்தேன், யாருக்கு என்ன கொடுத்தேன் என்று தெரியாது. சாப்பிடவில்லை. உன் நண்பர்களின் நம்பர் ஒன்றைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டேன். உன் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட நான் அப்படி இருக்கவில்லை. அப்போது நீ இருந்தாய்.

பிறகு நீயே கூப்பிட்டாய். "கடல் சரியில்லம்மா, ரெண்டு நாளா படகு எடுக்கல, சும்மா உக்காந்திருக்கோம்" என்று சலித்துக்கொண்டாய். அதைக் கழற்று என்றேன். நீ ஏன் என்று கேட்கவில்லை, புதுசு எப்போது வரும் என்று கேட்டாய். அதற்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில், ஒரு மாதத்துக்கு முன்னாலேயே உன் கையில் இருந்திருக்க வேண்டும் என்பது. நீ பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அம்மா அதைப் பிடித்து வைத்திருந்தாள். அதுதான் மீதிப் பாதி.

கோபப்படு. நான் உன் இடத்தில் இருந்தால் கத்தியிருப்பேன். ஆனால் கோபத்தில் நான் சொல்வதைத் தள்ளிவிடாதே. எவர்சில்வர் வகையில் நீ வரவழைத்த இரண்டையுமே சோதித்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன். இரண்டையும் மாட்டு. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் எது சரி, எது தப்பு என்று கடலுக்கடியில் உட்கார்ந்து ஆராயாதே, மேலே வரும் வழியைப் பார். அப்போதும் பதறி ஏறாதே. கையில் தனியாக ஒரு ஆழ மீட்டரையும் கட்டிக்கொண்டு போய், அதைப் பார்த்து, நிற்க வேண்டிய இடத்தில் நின்று வா. மூச்சுக்கு வேறு சிலிண்டர் ஒன்று இல்லாமல் ஒரு ஆளும் இறங்கக் கூடாது. மாட்டியவுடன் கடலுக்கு ஓடாதே. நான் செய்த மாதிரி காலையிலிருந்து பொழுது சாயும்வரை ஒரே ஆழத்தில் கட்டித் தொங்கவிட்டுப் பார். கொஞ்ச நேரத்தில் எதுவும் நல்லதாகத்தான் காட்டும். உன் கை பழக்கத்தில் செய்கிற வேலையை இன்னொருவனைப் பார்க்கச் சொல், அவன் செய்வதை நீ பார். எனக்கு அப்படிப் பார்க்க ஆள் இல்லாமல் போயிற்று. இவ்வளவுக்கும் மேலே, என் கிணறு உன் கடல் இல்லை. நான் சரி என்று சொல்வது நான் பார்த்த ஆழம் வரைக்கும்தான். கம்பெனி மெஷினை ஓட்டிப் பழகிய பெரியவர் யாராவது அங்கே இருந்தால் முழுசாக ஒரு தடவை காட்டிவிடு. அந்த மெஷினே வேண்டாம் என்று இன்னொரு தடவையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் நெஞ்சு ஆறாது. கேட்கமாட்டாய், தெரியும்.

சாமி அலமாரியில் இப்போது படம் மட்டும்தான் இருக்கிறது. சோதிக்க வேண்டியது என்று உன்னுடைய சாமான் எதுவும் இந்த வீட்டில் பாக்கி இல்லை. இனிமேல் விளக்கு வைக்கிற நேரத்துக்கு நீ என்னைக் கேட்க ஒன்றும் இருக்காது. இதைத் தெரிந்துகொண்டுதான் அனுப்புகிறேன் தம்பி. கூப்பிட வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. இல்லை, அதற்காகவும்தான் சொல்கிறேன். இன்னும் எதற்குப் பொய்?

எழுத இன்னும் எவ்வளவோ இருக்கிறது. உன் கல்யாணப் பேச்சு இருக்கிறது, மாமா வீட்டு விஷயம் இருக்கிறது, என் முழங்கால் இருக்கிறது. நேற்றும் இப்படித்தான் எழுதிக்கொண்டே இருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் கூரியர் கடை சாத்துகிற நேரம் தாண்டியிருந்தது, சரி நாளைக்குப் போகலாம் என்று எடுத்து வைத்தேன். முந்தாநாளும் அப்படித்தான். இந்தக் கடிதமும் இன்னொரு டெஸ்ட் ஆகிவிட்டது என்று இப்போதுதான் தெரிகிறது. நிறுத்துகிறேன். செருப்பைப் போட்டுக்கொண்டேன், கூரியர் கடை திறந்திருக்கும்.

அம்மா